செத்தவர்களுக்குக் காபி கிடையாது

நான் முதன்முதலாகச் செத்துப்போனபோது எனக்கு இருபத்து மூன்று வயது.

ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் படித்துறைக்குக் கீழே, காவேரி மணலில் மல்லாந்து கிடந்தேன். கழுத்து வரை என் கல்யாணக் கூறைப் புடவை போர்த்தியிருந்தது. கால் கட்டைவிரலில் ஒரு அட்டை கட்டியிருந்தது. அதில் 'மரணம்' என்று என் புருஷர் கையெழுத்தில், முத்து முத்தாக எழுதியிருந்தது. காது மடலில் ஓர் எறும்பு ஊர்ந்தது. செத்தவள் எறும்பைத் தட்டக் கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

எறும்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காபி வாசனையைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் வலது பக்கத்தில் குமுதவல்லி மாமி செத்துக் கிடந்தாள். எங்கள் தெருவில் அவள் வைத்ததுதான் சட்டம். உதட்டை அசைக்காமல் பேசினாள்.

"பாருடி. எங்காத்து மனுஷர் ரெண்டாவது டம்ளர் வாங்கறார்."

"பேசாதேங்கோ மாமி. நாம செத்தாச்சு."

"செத்தா என்ன? கண்ணு அவிஞ்சுடுத்தா?"

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். மண்டபத்து நிழலில் எங்கள் தெரு ஆண்கள் எல்லோரும், நெற்றியிலும் முழங்கையிலும் கட்டுப் போட்டுக்கொண்டு, டபராவில் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்கள். சர்க்கரை போட்ட காபி. மாமியின் புருஷர் கட்டை விரலில் காயம்பட்டவர். அந்தக் கட்டை விரலாலேயே டம்ளரைப் பிடித்திருந்தார்.

இந்த நிலைமைக்கு நாங்கள் எப்படி வந்தோம் என்பதைச் சொல்ல வேண்டுமானால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சர்க்காரோடு குடித்தனம்

போன வாரம் இந்தப் பத்திரிகையில் மண்ணெண்ணெய் க்யூவைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஓர் அன்பர், 'அம்மணி, உங்களுக்கு எந்த சர்க்காரைக் கண்டாலும் ஆகாதா?' என்று கேட்டு எழுதியிருக்கிறார். அப்படியெல்லாம் இல்லை. நான் சர்க்காரோடு பல வருஷம் குடித்தனம் நடத்தினவள். எங்காத்துக்காரரைத்தான் சொல்கிறேன்.

அவர் முனிசிபாலிடியில் குமாஸ்தா. உத்தரவு என்று ஒரு காகிதம் வந்துவிட்டால் போதும், அது பெருமாள் பிரசாதம் மாதிரி. கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பிரிப்பார். யார் எழுதினான், எதற்கு எழுதினான் என்றெல்லாம் கேட்க மாட்டார். தானாக ஒரு வார்த்தை யாருக்கும் கட்டளையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "இப்படிப் பண்ணணும்னு ஆர்டர்" என்பார். அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில், தெருச் சுவரில் வறட்டி தட்டக் கூடாது என்று ஒரு உத்தரவு வந்தது. எங்கள் வாசல் சுவரில் மாட்டுக்காரி வரிசையாகத் தட்டி வைத்திருந்தாள். ஒருநாள் மத்தியானம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டுப் போனால், இவர் குடையும் கோட்டுமாக வாசலில் நிற்கிறார். கையில் நோட்டீஸ். உள்ளே வரவில்லை. ஆபீஸ் வேலையாக வந்திருக்கிறாராம்.

"வீட்டுக்காரர்கிட்டே இதைச் சேர்ப்பிக்கணும்," என்றார்.

"வீட்டுக்காரர் ஆபீஸ் போயிருக்கார். சாயங்காலம் வாங்கோ," என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், திரும்பிப் போய்விட்டார். சாயங்காலம் வந்து, காலை அலம்பிக்கொண்டு, நோட்டீஸைத் தானே வாங்கிக்கொண்டு, தானே கையெழுத்துப் போட்டார். மறுநாள் வறட்டியையும் தானே பெயர்த்தார். நான் சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

ஜப்பான்காரனும் மணல் பக்கெட்டும்

யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் ஆகாய விமானத்தில் வந்து குண்டு போடுவான் என்றார்கள். ஜனங்களைக் காப்பாற்ற ஏ.ஆர்.பி. என்று ஓர் இலாகா முளைத்தது. முனிசிபாலிடியிலிருந்து இவரைத் தூக்கி ஸ்ரீரங்கத்துக்கு வார்டனாகப் போட்டார்கள். பழைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். இவருடைய புது வேலையோ டெம்பரரி. கையில் ஒரு பட்டை, தலையில் ஒரு இரும்புத் தொப்பி. குடுமிக்கு மேல் அந்தத் தொப்பி உட்காரவே உட்காராது.

மேலதிகாரி அருளப்பன், திருச்சி பாலக்கரையில் இருந்தார். பட்டாளத்தில் இருந்து வந்தவர், மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவர், நல்ல மனுஷர். தினம் சைக்கிளில் காவேரிப் பாலத்தைக் கடந்து வந்து எங்களைக் காப்பாற்றப் பார்த்தார். நாங்கள்தான் ஒத்துழைக்கவில்லை.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பக்கெட் மணல், ஒரு பக்கெட் தண்ணீர் வைக்க வேண்டும் என்று உத்தரவு. தண்ணீரில் வருகிற போகிறவர்கள் கால் அலம்பினார்கள். மணல் என்ன ஆயிற்று என்று அருளப்பன் குமுதவல்லி மாமியைக் கேட்டார்.

"பாத்திரம் தேய்ச்சாச்சு."

"குண்டு விழுந்தா என்னம்மா செய்வீங்க?"

"காவேரி எங்கே ஓடிப் போறது? விழட்டும். ஒரு கூடை அள்ளிண்டு வரச் சொல்றேன்."

இதற்கு நடுவில் முக்கொம்பு அணையில் குண்டு போடப் போகிறான், காவேரியும் கொள்ளிடமும் சேர்ந்து வந்து நடுவில் இருக்கிற ஸ்ரீரங்கம் முழுகிவிடும் என்று ஒரு புரளி. எதிர் வீட்டு வக்கீல் ஊறுகாய் ஜாடிகளோடு மச்சுக்குக் குடியேறினார். சித்திரை மாசம், ஆற்றில் முழங்கால் தண்ணீர் இல்லை. அதை யார் அவருக்குச் சொல்வது?

பத்துப் பேர் தேவை

அப்போதுதான் மேலிடத்திலிருந்து ஒத்திகைக்கு உத்தரவு வந்தது. ஸ்ரீரங்கத்தில் குண்டு விழுந்ததாகப் பாவனை. ஊர்க்காரர்களே அடிபட்டவர்களாக நடிக்க வேண்டும். யாருக்கு என்ன அடி என்பதை அட்டையில் எழுதி வார்டன் கட்டிவிடுவார். கலெக்டர் துரை நேரில் வந்து பார்ப்பார். துரைக்குத் திருப்தியானால் இவருக்கு வேலை காயம், அதாவது நிரந்தரம். இல்லாவிட்டால் அடுத்த மாசத்திலிருந்து வேலை இல்லை. இதை அருளப்பன் மென்று விழுங்கித்தான் சொன்னார்.

எங்களுக்கு இரண்டு குழந்தைகள். இவருடைய அப்பாவும் தங்கையும் எங்களோடுதான். அரிசி விற்கிற விலையில் அந்தச் சம்பளம் போனால் நாங்கள் நடுத்தெருவில்தான்.

உத்தரவில் இன்னொரு வரி இருந்தது. காயம்பட்டவர்களுக்கு அதிர்ச்சி தெளிய, சர்க்கரை போட்ட சூடான பானம் தர வேண்டும். எந்தப் புண்ணியவான் எழுதினானோ. ஊரில் சர்க்கரையைக் கண்ணால் பார்த்து மாசக்கணக்காகிறது. எல்லார் வீட்டிலும் வெல்லக் காபிதான், அதுவும் புளியங்கொட்டை கலந்தது. சர்க்கார் சர்க்கரையோடு காபி, அதுவும் மடியாக, நம்மவர் கையால் போட்டது என்று தெரிந்ததும், எங்கள் உத்தர வீதி ஆண்கள் அத்தனை பேரும் தேசத்துக்காகக் காயம்பட முன்வந்தார்கள். எல்லோரும் லேசான காயம்தான் கேட்டார்கள்.

ஆனால் உத்தரவில் செத்தவர்கள் பத்துப் பேர் என்றும் போட்டிருந்தது.

அதற்கு ஒருவர்கூட வரவில்லை. ஆண்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவரவர் ஆத்துக்காரிகள் விடவில்லை. குமுதவல்லி மாமி தெருவில் நின்றே சொல்லிவிட்டாள்.

"பாவனையோ கீவனையோ. என் ஆம்படையான் கால்லே அந்த அட்டையைக் கட்டறவன் கையை ஒடிச்சுடுவேன்."

பிரம்மசாரிகளை அம்மாக்கள் விடவில்லை. பெண்டாட்டியை இழந்த ஒரு கிழவர், தனக்கு ஆட்சேபணையில்லை என்றார். "காபி உண்டோல்லியோ?" என்று கேட்டார். செத்தவர்களுக்கு அதிர்ச்சி கிடையாது, அதனால் காபி கிடையாது என்று இவர் உண்மையைச் சொன்னார். கிழவர் மேல் வேஷ்டியை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"உங்க பாலக்கரைலேர்ந்து நாலு பேரைக் கடனாக் குடுங்கோளேன்," என்று அருளப்பனிடம் கேட்டார் இவர்.

"எங்க சார்? அன்னிக்கே அங்கயும் ஒத்திகை. அங்கயும் காயத்துக்குத்தான் அடிதடி. சாகறதுக்கு ஆளே கிடைக்கலீங்க."

அன்றைக்குச் சாயங்காலம் இவர் சாப்பிட உட்கார்ந்தார். மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"யாரும் வரலேன்னா நானே படுத்துடறேன். ஆர்டர்லே வார்டனும் சாகலாம்னு இருக்கு. பாத்துட்டேன்."

நான் குமுதவல்லி மாமியின் பேச்சைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தவள். புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்பவர்களைக் கேலி செய்தவள். ஆனால் இவர் அதைச் சொன்னதும் மோர்க் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

"நன்னாயிருக்கு பேச்சு. வாயை அலம்புங்கோ," என்றேன். பயந்துதான் போனேன். இப்போது சொல்வதற்கு என்ன?

மாமியின் தீர்ப்பு

மறுநாள் காலையில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு மாமியைப் பிடித்தேன்.

"மாமி, ஆம்படையான் போனா நமக்குக் கெடுதல். சரி. அவருக்கு முன்னாடி நாம போனா?"

"என்னடி கேள்வி இது? மஞ்சள் குங்குமத்தோட போறதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும்."

"அது காவேரிக் கரையிலே நடந்தா?"

மாமி குடத்தைக் கீழே வைத்தாள்.

"ஸ்ரீரங்கத்திலே. பட்டப் பகல்லே. கலெக்டர் துரை வந்து நின்னு பாக்கறார்," என்றேன்.

மாமி மனசில் விமானமே இறங்கிவிட்டது என்று நினைக்கிறேன். ஜப்பான்காரனுடையது இல்லை, வைகுண்டத்திலிருந்து வருகிறது.

"கொண்டை வெச்சுக்கலாமா?"

"பேஷா."

"பூ?"

"பூ இல்லாமலா?"

"முதல்லே என் பேரை எழுதிக்கோ," என்றாள் மாமி.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அத்தனை நாள் சாவதற்கு ஆளில்லாத தெருவில், மத்தியானத்துக்குள் ஆள் அதிகமாகிவிட்டது. "எனக்கு மட்டும் அந்தப் பாக்கியம் இல்லையா?" என்று ஒருத்தி அழுதாள். வயசில் பெரியவர்களுக்கு முதல் உரிமை என்று மாமி தீர்ப்புச் சொன்னாள். சின்னவளான என்னை, யோசனை சொன்னவள் என்பதற்காகச் சேர்த்துக்கொண்டார்கள்.

இவரிடம் சொன்னேன். இவர் உத்தரவை மேலும் கீழும் படித்தார். செத்தவர்கள் ஆணா பெண்ணா என்று எங்கும் போடவில்லை. நிம்மதியாக மூச்சு விட்டார். பட்டியலில் என் பெயரும் இருக்கிறது என்பதைக் கவனித்தாரோ இல்லையோ, அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

அரக்குப் பட்டு வரிசை

ஒத்திகை அன்று காலையில் நாங்கள் பத்துப் பேரும் தலைக்கு ஸ்நானம் பண்ணி, மஞ்சள் பூசி, பூ வைத்து, மடிசாரோடு கிளம்பினோம். சாகப் போகிற நாளில் சாப்பிடுவது உசிதமில்லை என்று மாமி சொல்லிவிட்டதால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. அருளப்பன் எங்கள் மேல் போர்த்த வெள்ளைத் துணி கொண்டுவந்திருந்தார். மாமி அதை விரல் நுனியால்கூடத் தொடவில்லை.

"வெள்ளையா? எங்க மேலேயா? யாரைப் பாத்து என்ன போத்தறேள்?"

"ஆர்டர்ல வெள்ளைன்னு இருக்கும்மா."

"ஆர்டர் போட்டவன் ஆம்படையாளைப் போத்திக்கச் சொல்லுங்கோ."

கடைசியில் எல்லார் வீட்டிலிருந்தும் கூறைப் புடவை வந்தது. மணலில் பத்து அரக்குப் பட்டு. பாலத்தில் போகிறவர்கள் ஏதோ உற்சவம் என்று நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

சங்கு ஊதியது. ஆண்கள் காயம்பட்டார்கள். முதலுதவிக்காரர்கள் ஓடி வந்து அவர்களைத் தூக்கினார்கள். எந்த ஜாதிக்காரன் தூக்குகிறான் என்று வழக்கமாகப் பார்க்கிறவர்கள், மண்டபத்தில் காபி தயாராக இருந்ததால் அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் ஏறினார்கள். எப்படியும் காவேரி பக்கத்தில் இருக்கிறது, முழுக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எங்களை யாரும் தூக்கவில்லை. செத்தவர்களைக் கடைசியில்தான் கவனிக்க வேண்டும் என்று உத்தரவு.

துரை எட்டு மணிக்கு வருவதாக ஏற்பாடு. வரவில்லை. அவர் வந்து பார்த்த பிறகுதான் முடிந்ததற்கான சங்கு ஊத வேண்டும். வெயில் ஏறியது. மணல் முதுகில் சுட்டது. பட்டுப் புடவைக்குள் வேர்த்து ஊற்றியது. மாமிக்குப் பேச்சு நின்றுபோயிற்று. மாமி பேசாமல் இருப்பது எனக்குப் பயமாக இருந்தது. எனக்கும் தலை சுற்றியது, காதில் என்னமோ ரீங்காரம். எழுந்து போய்விடலாம்தான். போனால் இவர் வேலை போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு செத்திருந்தேன்.

தூரத்தில் இவர் குரல் கேட்டது.

"அருளப்பன் சார், அவாளுக்கும் ஒரு வாய் காபி குடுத்துடலாமே."

"எனக்கு மட்டும் ஆசையில்லையா சார்? செத்தவங்களுக்கு அலாட்மெண்ட் இல்லீங்க. துரை வர்ற நேரம். ஒரு செத்த ஆளு உக்காந்து காபி குடிச்சா நம்ம ரெண்டு பேர் வேலையும் போயிடும்."

உத்தரவில் இல்லை என்றால் இவருக்கு அது உலகத்திலேயே இல்லை. எனக்குத் தெரியாதா? வறட்டி நோட்டீஸை நினைத்துக்கொண்டேன். அழுகை வந்தது, கோபமும் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மணலில் காலடிச் சத்தம். யாரோ என் பக்கத்தில் மண்டி போட்டார்கள். கண்ணை மூடியிருந்தாலும் மூக்குப்பொடி வாசனையில் ஆளைத் தெரிந்துபோயிற்று.

"ஏய்," என்றார் மெதுவாக.

நான் பேசவில்லை. எனக்குத்தான் நாக்கில் சனி ஆயிற்றே, அன்றைக்கு உடம்பெல்லாம் சனி. மூச்சையும் அடக்கிக்கொண்டேன்.

"ஏய், உன்னைத்தான். எழுந்திரு."

தோளைப் பிடித்து உலுக்கினார். நான் அசையவில்லை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நடுத்தெரு மாதிரி இடத்தில், ஊரே பார்க்க, என் பெயரைச் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டார். சட்டென்று கண்ணைத் திறந்துவிட்டேன். இவர் முகத்தில் ரத்தமே இல்லை. என் கால் கட்டைவிரலில் இருந்த அட்டையை அறுத்துப் போட்டுவிட்டு, வேறு ஒன்றைக் கட்டினார்.

'லேசான காயம்.'

பிறகு எழுந்து வரிசையாகப் போனார். மாமிக்கு ஒன்று, அடுத்தவளுக்கு ஒன்று. பத்து அட்டையையும் மாற்றினார். அப்புறம் மண்டபத்தைப் பார்த்து, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் கத்தினார்.

"பத்துக் காபி. சர்க்கரை ஜாஸ்தியா."

உயிர் இருப்பது தெரியவந்தது

நாங்கள் மணலில் உட்கார்ந்து முதல் வாய் குடிக்கும்போதுதான் துரையின் கார் வந்து நின்றது.

துரை தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். அவர் கையிலிருந்த காகிதத்தில் இந்த இடத்தில் பத்துப் பிணம். எதிரில், தலை நிறையப் பூவோடு பத்துப் பெண்கள் காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். இவர்கள் செத்தவர்கள் அல்லவா என்று இங்கிலீஷில் கேட்டார். அருளப்பன் சிலுவை போட்டுக்கொண்டார்.

இவர் ஓரடி முன்னால் போனார். இரும்புத் தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

"மறு பரிசோதனையில் உயிர் இருப்பது தெரியவந்தது, சார்," என்றார், குமாஸ்தா இங்கிலீஷில். அட்டை எழுதும் அதிகாரம் வார்டனுக்கு உண்டு, அதை மாற்றி எழுதக் கூடாது என்று எங்கும் போடவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

துரை பேனாவைத் திறந்தார்.

"அப்படியானால் இறந்தவர்கள் எத்தனை பேர்?"

"ஒருத்தருமில்லை, சார்."

துரை காகிதத்தில் என்னவோ எழுதிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். சிரித்தாரா என்று கேட்காதீர்கள். துரை சிரித்தார் என்றுதான் மாமி சொல்வாள். எனக்கு வெயிலில் தெரியவில்லை.

அடுத்த வாரம் அருளப்பன் சைக்கிளை மிதித்துக்கொண்டு மூச்சு வாங்க வந்தார். எத்தனையோ ஊர்களில் ஒத்திகை நடந்ததாம். ஒருத்தர்கூடச் சாகாத ஊர் ஸ்ரீரங்கம் ஒன்றுதானாம். மேலிடத்தில் ஏகப் பாராட்டாம். இந்தக் கணக்கில் இவருக்கு வேலை காயமாயிற்று. ஸ்ரீரங்கத்து முறையை மற்ற ஊர்களுக்கும் எழுதி அனுப்பச் சொல்லி வேறு உத்தரவு. இவர் எதை எழுதி அனுப்புவார், பாவம்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அது இல்லை. அன்றைக்கு ஒத்திகை முடிந்து, கூறைப் புடவையைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு, இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். மொட்டைக் கோபுரம் வரைக்கும் இவர் விடுவிடுவென்று முன்னால் நடந்தார். வேலை என்னாகுமோ என்ற கவலையாக்கும் என்று நினைத்தேன். கோபுர நிழலில் நின்றார்.

"இனிமே அந்த மாதிரி எனக்கு முன்னாடி படுக்காதே," என்றார்.

எனக்கு விஷமம் போகவில்லை.

"இது எந்த இலாகா ஆர்டர்?" என்று கேட்டேன்.

"எந்த இலாகாவும் இல்லே," என்றார். "நான் சொல்றேன்."

இவர் சொந்தமாகப் போட்ட உத்தரவு என் அறிவில் அது ஒன்றுதான். சர்க்கார் உத்தரவு ஒன்று பாக்கியில்லாமல் மீறியவள் நான். இதை மட்டும் மீறவில்லை. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது.